சிகாகோவில் சீசன் ஆடிஷனுக்குப் போகும் முன்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; படிக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். கேட்டவர் சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் வசிக்கும் பெண், முப்பத்து நான்கு வயது, மென்பொருள் வேலை. சென்னையில் கல்லூரிக் காலத்தில் நவீன நாடகங்களில் நடித்தவர். இங்கே வந்த பிறகு தமிழ்ச் சங்க மேடையில் சில நாடகங்கள், உள்ளூர் அமெச்சூர் குழுவின் ஆங்கில நாடகம் ஒன்று. இப்போது சிகாகோவின் தொழில்முறை நாடகக் குழு ஒன்று அடுத்த சீசனுக்கான பொது ஆடிஷனை அறிவித்திருக்கிறது. ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு மோனோலாக், அதாவது ஒரே பாத்திரம் தொடர்ந்து பேசும் வசனப் பகுதி, கேட்கிறார்கள். அதில் ஒன்று ஷேக்ஸ்பியர். இரண்டும் சேர்ந்து மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது. இவர் நடிகர் சங்க உறுப்பினர் இல்லை. ‘என் உச்சரிப்போடு நான் போகலாமா? போவதென்றால் எப்படித் தயாராவது?’ என்று கேட்கிறார்.

போகலாம். கட்டாயம் போங்கள். இந்த ஊர் ஆடிஷன்களில் நடிகனாக நின்றும் இருக்கிறேன், மேசைக்கு அருகே உட்கார்ந்து எதிர்வசனம் வாசித்தும் இருக்கிறேன். இரண்டு பக்கமிருந்தும் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. பொது ஆடிஷனைப் பரீட்சையாக எண்ணி வருபவர்கள் தங்கள் திறமையில் பாதியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிறார்கள். ‘இப்படி ஒரு நடிகர் இந்த ஊரில் இருக்கிறார்’ என்று ஒரு குழுவுக்கு உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் மூன்று நிமிடம் அது. நான் கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த அறிமுகம் தெளிவாக நடப்பதற்காகத்தான்.

சீசன் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது புரியும். பெரிய குழுக்களின் சீசன் பொதுவாகச் செப்டம்பர் வாக்கில் தொடங்கி அடுத்த கோடையில் முடியும். ஐந்து முதல் எட்டு நாடகங்கள் வரை இருக்கும். அவை என்னென்ன என்று வசந்த காலத்திலேயே அறிவித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் முக்கிய வேடங்களில் சிலவற்றுக்கு ஆள் பேசி முடித்திருப்பதும் உண்டு. ஸ்டெப்பன்வுல்ஃப் போன்ற குழுவுக்குச் சொந்தமாகவே நடிகர் அணி இருக்கிறது. முதல் வாய்ப்பு அவர்களுக்கு. மேலும் ஒவ்வொரு நாடகத்துக்கும் இயக்குநர் வேறு. அவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். பொது ஆடிஷன் நடக்கும் நாளில் அறையில் இருக்கமாட்டார்கள். அறையில் இருப்பவர் வேடங்களுக்கு நடிகர்களைத் தேடித்தரும் காஸ்டிங் டைரக்டர், அவருடைய உதவியாளர், சில வேளைகளில் குழுவின் கலைப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆர்ட்டிஸ்டிக் டைரக்டர். அவர்கள் உங்களுக்கு அன்றே வேடம் தருவதில்லை. குறிப்பு எழுதிவைக்கிறார்கள். பிறகு ஒரு இயக்குநர் ‘எனக்கு இப்படி ஒருவர் வேண்டும்’ என்று கேட்கும்போது அந்தக் குறிப்பைத் திறக்கிறார்கள்.

அப்படித் திறக்கும்போது முதலில் தேடுவது பெரும்பாலும் அண்டர்ஸ்டடி, அதாவது மாற்று நடிகர்களை. முதன்மை நடிகருக்கு உடம்பு சரியில்லாத நாளில் மேடையேறுவதற்காக ஒருவரை முன்கூட்டியே தயார்செய்து வைக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு இந்த ஏற்பாட்டின் அருமை எல்லாக் குழுக்களுக்கும் நன்றாகவே தெரிந்துவிட்டது. சிகாகோவில் புதியவர்கள் பெரிய அரங்குக்குள் நுழைவது அதிகமும் இந்த வாசல் வழியாகத்தான். அடுத்து, ஆள் அதிகம் வேண்டியிருக்கும் நாடகங்கள். குட்மேன் அரங்கம் டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ கதையை 1978 முதல் ஆண்டுதோறும் மேடையேற்றி வருகிறது. அது போன்ற தயாரிப்பில் சிறு வேடங்கள் நிறைய. ஆள்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே அறிவிப்பில் உள்ள நாடகங்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு அத்தனையையும் படியுங்கள். புதிய நாடகமாக இருந்து பிரதி கிடைக்காவிட்டால் அந்த எழுத்தாளரின் முந்தைய நாடகத்தைப் படியுங்கள். எந்த வேடத்தில் உங்களைக் கற்பனை செய்ய முடிகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டிய பதில் அது.

மோனோலாக் தேடுவதற்கு முன் விசாவைப் பாருங்கள். நம்மவர்கள் பலரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். எச்-1பி விசாவில் இருப்பவர், தமக்காக மனுச் செய்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். நாடகக் குழு தரும் பணம் சிறிதாக இருந்தாலும், ‘ஸ்டைபெண்ட்’ என்று வேறு பெயரில் வந்தாலும் அது உழைப்புக்கான ஊதியம்தான். எச்-4 விசாவோடு வேலை அனுமதி அட்டையும் இருந்தால் தடையில்லை. 2015 முதல் எச்-1பி துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த அட்டை கிடைத்துவருகிறது. கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். ‘சம்பளம் வேண்டாம், சும்மா நடிக்கிறேன்’ என்பதும் நினைப்பதுபோல் எளிதான வழி இல்லை. மற்றவர்கள் ஊதியம் பெற்றுச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்வதிலும் சட்டச் சிக்கல் இருக்கிறது. குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். வேடம் கிடைத்த பிறகு மறுக்க நேர்வது உங்களுக்கும் வலி, அவர்களுக்கும் சங்கடம்.

அடுத்தது நேரம். பெரிய குழுக்களில் ஒத்திகை பகலில் நடக்கும். வாரம் ஐந்து அல்லது ஆறு நாள். பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை. அரங்கேற்றத்துக்கு முந்தைய தொழில்நுட்ப ஒத்திகையில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து மணி நேரம் வரை வேலை இருக்கலாம். அப்படியானால் நண்பகலில் தொடங்கி நள்ளிரவில் முடியும். நாடகம் ஓடத் தொடங்கிவிட்டால் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் வரை உண்டு. முழுநேர மென்பொருள் வேலையோடு இதைச் சேர்த்துச் செய்ய முடியாது; நீண்ட விடுப்பு வேண்டும், அல்லது மிகவும் இசைந்துகொடுக்கும் மேலாளர் வேண்டும். மாற்று நடிகருக்கு ஒத்திகை குறைவு. ஆனால் தொலைபேசி வந்த சில மணி நேரத்தில் அரங்கில் நிற்க வேண்டும். யூனியன் ஸ்டேஷனிலிருந்து நேப்பர்வில்லுக்கு இரவு கடைசி மெட்ரா ரயில் எத்தனை மணிக்கு என்பதைக்கூட இப்போதே பார்த்துவையுங்கள். ஆடிஷன் படிவத்தில் ‘எந்தத் தேதிகளில் வர இயலாது’ என்ற கட்டம் இருக்கும். அதை உண்மையாக நிரப்புங்கள். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

நடிகர் சங்கத்தில் இல்லை என்று சொல்லியிருந்தீர்கள். மேடை நடிகர்களின் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி அசோசியேஷன் 1913இல் தொடங்கியது. ஒத்திகைக்குச் சம்பளம் கிடையாது, சுற்றுப்பயணத்தில் கம்பெனி கலைந்துவிட்டால் நடிகர் தம் செலவிலேயே ஊர் திரும்ப வேண்டும் என்றிருந்த காலம் அது. நம் பழைய நாடகக் கம்பெனி நடிகர்களின் நினைவுகளைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. 1919இல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்து அரங்குகளை மூடவைத்த பிறகே முதலாளிகள் சங்கத்தை ஏற்றார்கள். இன்று நீங்கள் போகப்போகும் பொது ஆடிஷன் நடப்பதற்கே அந்தச் சங்கம் ஒரு காரணம். ஈக்விட்டி ஒப்பந்தத்தில் இயங்கும் குழுக்கள், தெரிந்தவர்களை மட்டும் கூப்பிட்டு முடித்துவிடாமல், உறுப்பினர் எவரும் வந்து நடித்துக்காட்டத் திறந்த ஆடிஷன் நடத்த வேண்டும் என்பது விதி.

உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அங்கே முன்பதிவு கிடையாது. காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு, இடைவெளி விழுந்தால் உள்ளே போகலாம். காலையிலேயே போய்ப் பெயர் எழுதுங்கள்; மாலைவரை காத்திருந்தும் முறை வராமல் திரும்புவதும் நடக்கும். உங்களுக்கு வந்த அறிவிப்பில் ‘ஈக்விட்டி அல்லாதவர்களுக்கான பொது ஆடிஷன்’ என்று தனி நாள் இருக்கிறதா என்று பாருங்கள். பல குழுக்கள் அப்படி வைக்கின்றன. மின்னஞ்சலில் புகைப்படமும் ரெஸ்யூமேயும் அனுப்பினால் நேரம் ஒதுக்கித் தருவார்கள். ஒரு நாடகக் குழு தன் சீசனுக்கு நடத்தும் ஆடிஷனுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. பல குழுக்கள் ஒரே இடத்தில் கூடி நடத்தும் கூட்டு ஆடிஷன்களில் பதிவுக் கட்டணம் உண்டு. அது வேறு வகை.

உடனே சங்கத்தில் சேர்ந்துவிடலாமே என்று தோன்றும். 2021இல் சேர்வதற்கான நிபந்தனைகளைச் சங்கம் தளர்த்தவும் செய்தது. என் கருத்தில் உங்களுக்கு இப்போது அது வேண்டாம். சேர்ந்தபின் ஈக்விட்டி ஒப்பந்தம் இல்லாத குழுக்களில் நடிக்க முடியாது. சிகாகோவின் உயிர்நாடி அந்தக் குழுக்கள்தான். பழைய கடை, சிறிய கிடங்கு, தேவாலயத்தின் அடித்தளம் என்று கிடைத்த இடத்தை அறுபது எழுபது பேர் உட்காரும் அரங்காக மாற்றி நாடகம் போடுகிறவர்கள். இங்கே ‘ஸ்டோர்ஃபிரன்ட்’ என்பார்கள். ஸ்டெப்பன்வுல்ஃபே 1970களில் ஹைலண்ட் பார்க்கில் அப்படி ஒரு அடித்தளத்தில் நடித்து வளர்ந்த குழுதான். சிகாகோ நாடகங்களுக்காக 1968இல் தொடங்கிய ஜெஃப் விருதுகளில் ஈக்விட்டி அல்லாத தயாரிப்புகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஊதியம் மிகக் குறைவு. ஆனால் ஒத்திகை மாலையிலும் வார இறுதியிலும் நடக்கும், வேலையை விட வேண்டியதில்லை. பெரிய அரங்குகளின் காஸ்டிங் ஆள்கள் இந்த நாடகங்களைத் தேடிவந்து பார்க்கிறார்கள். பெரிய குழுவின் ஆடிஷனுக்குப் போகும் அதே மாதத்தில் இப்படிப்பட்ட சிறிய குழுக்கள் நான்கைந்தின் ஆடிஷனுக்கும் போங்கள்.

இனி மோனோலாக். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போக வேண்டும்.

நல்ல ஆடிஷன் மோனோலாக்கில் எதிரே ஒரு ஆள் இருக்கிறார். அவரிடமிருந்து உங்களுக்கு ஏதோ ஒன்று இப்போதே வேண்டும். பழைய சம்பவத்தை நினைத்து உருகும் பேச்சு படிக்க அழகாக இருக்கும். மேடையில் மூன்றாவது வரியிலேயே நின்றுவிடும். மன்னிப்பு வேண்டும், பணம் வேண்டும், அவர் வாசலைத் தாண்டக்கூடாது, அவர் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஏதாவது ஒரு தேவை. அதை அடைய முதலில் ஒரு வழியில் முயல்கிறீர்கள், பலிக்கவில்லை, வழியை மாற்றுகிறீர்கள். அந்த மாற்றம் உள்ள பகுதியாகத் தேடுங்கள். உங்கள் வயதுக்குப் பொருந்தும் பாத்திரமாக இருக்கட்டும். பத்தொன்பது வயதுப் பெண்ணையோ எழுபது வயது மூதாட்டியையோ உங்களால் நன்றாக நடிக்க முடியலாம். ஆனால் தொழில்முறைக் குழுவில் அந்த வேடத்துக்கு அந்த வயதுக்காரர்களே வரிசையில் நிற்கிறார்கள்.

‘மாறுபட்ட’ என்றதும் ஒன்று சோகம், ஒன்று சிரிப்பு என்று எடுத்துவிடுகிறார்கள். அது போதாது. எதிராளியிடம் நீங்கள் செய்யும் காரியம் மாறுபட வேண்டும். ஒன்றில் கெஞ்சுகிறீர்கள் என்றால் மற்றதில் விசாரணை செய்யுங்கள். ஒன்றில் மறைக்கிறீர்கள் என்றால் மற்றதில் போட்டு உடையுங்கள். தற்கால மோனோலாக்கை உங்கள் வாழ்க்கைக்கு அருகில் எடுப்பது நல்லது. இந்திய வம்சாவளி எழுத்தாளர்கள் அமெரிக்க மேடைக்கு இப்போது நிறைய எழுதுகிறார்கள். மாதுரி சேகரின் ‘குயின்’ நாடகம் 2017இல் சிகாகோவின் விக்டரி கார்டன்ஸ் அரங்கில்தான் முதன்முதலில் மேடையேறியது. அதன் நாயகி இந்தியாவிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. இப்படிப்பட்ட பாத்திரங்களைத் தேடிப் படியுங்கள். அதற்காக இந்தியப் பாத்திரம்தான் நடிக்க வேண்டும் என்று வேலி போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் வாயில் இயல்பாக உட்காரும் பேச்சு எதுவும் உங்களுடையதே. திரைப்பட வசனம் வேண்டாம், நீங்களே எழுதியது வேண்டாம், மோனோலாக் தொகுப்பு நூலில் தனியாக நிற்கும் பகுதியும் வேண்டாம். முழு நாடகத்தையும் படித்து அதிலிருந்து எடுங்கள்.

ஷேக்ஸ்பியரில் சில பகுதிகளை எல்லோரும் செய்கிறார்கள். ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் வயோலா மோதிரத்தை வைத்துக்கொண்டு பேசுவது, ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ முதல் அங்கத்தின் முதல் காட்சி முடிவில் ஹெலனா பேசுவது போன்றவை. தடை ஒன்றும் இல்லை. ஆனால் அன்று காலையில் அதையே கேட்ட காதுகள் உங்களை ஒப்பிட்டுப் பார்க்கும். உங்கள் வயதுக்கு ‘ஒதெல்லோ’ நான்காம் அங்கத்தில் எமிலியா கணவன்மார்களைப் பற்றிப் பேசும் பகுதியையோ, ‘கிங் ஜான்’ நாடகத்தில் கான்ஸ்டன்ஸ் பேசும் பகுதிகளையோ, ‘வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் அரசனை நேருக்கு நேர் நின்று கேட்கும் பாலினாவையோ பார்க்கச் சொல்வேன். பாலினாவை நம் ஊர்ப் பெண்ணாக என்னால் உடனே கற்பனை செய்ய முடிகிறது.

உச்சரிப்புக்கு வருகிறேன், உங்கள் உண்மையான கவலை அதுதான் என்று தெரிகிறது. தமிழ் வாடை உள்ள ஆங்கிலம் குறையே இல்லை. போலி பிரிட்டிஷ் உச்சரிப்புதான் காதில் உறுத்தும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஆனால் தெளிவு வேண்டும், நம்மவர்களுக்குத் தெளிவு குலையும் இடம் ஒன்று இருக்கிறது. நம் யாப்பு குறிலையும் நெடிலையும் எண்ணி நேரசை, நிரையசை என்று பிரிக்கிறது. ஆங்கிலச் செய்யுள் அழுத்தத்தை எண்ணுகிறது: ஷேக்ஸ்பியரின் வரியில் பொதுவாகப் பத்து அசை, அதில் ஐந்து அழுத்தம் பெறும். நாம் தமிழ்ப் பழக்கத்தில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசும்போது, ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் வாக்கியம் கேட்பவருக்குப் பிடிபடாமல் போகிறது. பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியிலும் அழுத்தம் விழும் இடத்தைக் குறியுங்கள். பிறகு அந்த வாக்கியத்தில் எந்த ஒரு சொல் இல்லாவிட்டால் பொருளே கெட்டுவிடும் என்று பார்த்து அதற்குக் கோடு போடுங்கள். அந்தச் சொல்லை நோக்கிப் பேசுங்கள். வரி முடிவில் குரலைத் தொங்கவிடாதீர்கள். வெண்பாவை ஓசையோடு சொல்லப் பழகிய காது உங்களுக்கு இருந்தால் இந்த வேலை பிடித்துப்போகும்.

இன்னொன்று குரல். தமிழ்ச் சங்க நாடகங்களை நாம் பெரும்பாலும் பள்ளி அரங்குகளில் மைக் வைத்து நடத்துகிறோம். குரலை மைக்குக்குக் கொடுத்துப் பழகிவிட்டோம். இங்கே பேச்சு நாடகங்களில் நடிகர்கள் பெரும்பாலும் மைக் அணிவதில்லை. குட்மேனின் பெரிய அரங்கில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட இருக்கைகள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் கம்பெனிகளில் பையனைச் சேர்க்கும்போது முதலில் குரலைத்தான் சோதித்தார்கள். கொட்டகையின் கடைசி வரிசைவரை அது போக வேண்டியிருந்தது. அந்தத் தேவை இன்றும் இங்கே இருக்கிறது. ஆனால் ஆடிஷன் நடக்கும் அறை சிறியது. அங்கே கத்தினால் மிரட்டலாக இருக்கும். அறையின் அளவுக்குப் பேசுங்கள். மூச்சு அடிவயிற்றிலிருந்து வரட்டும். இன்னும் பெரிய இடத்தையும் இந்தக் குரல் நிரப்பும் என்பது கேட்பவர்களுக்குத் தானாகவே தெரியும்.

மூன்று நிமிடம் என்றால் இரண்டரை நிமிடத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சிலர் வேகமாகப் பேசுவார்கள், சிலர் இழுப்பார்கள். அந்த அரை நிமிடம் காப்பாற்றும். அவசியம் என்று தோன்றும் முன்கதையைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

அன்று அறையில் நடப்பது மிக எளிமையானது. வாசலில் இருக்கும் மானிட்டர் பெயரைக் கூப்பிடுவார். அவரிடம் நடந்துகொள்வதும் கவனிக்கப்படும், மரியாதையாக இருங்கள். உள்ளே போய் வணக்கம் சொல்லி, பெயரையும் எந்த நாடகம், எந்தப் பாத்திரம் என்பதையும் மட்டும் சொல்லுங்கள். உங்கள் பெயரை மெதுவாக, முழுதாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு வசதியாக நறுக்கிக்கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் தெளிவாகச் சொன்னால் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். கை கொடுக்க மேசைவரை போகாதீர்கள். கதைச் சுருக்கம், ‘இன்று தொண்டை சரியில்லை’ என்ற முன்னுரை இரண்டும் வேண்டாம். நீங்கள் பேசும் எதிராளியை மேசைக்குச் சற்று மேலே, பின்சுவரில் ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து நடித்தால் அவர் உங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களுக்குப் பதில் முகம் காட்ட வேண்டியிருக்கும்; அவரால் வேலை செய்ய முடியாது. ஒரு நொடி அந்த எதிராளியைப் பார்த்து, அவர் கடைசியாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, அதற்குப் பதிலாக முதல் வரியைச் சொல்லுங்கள்.

முதல் பகுதி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு இரண்டாவதற்குப் போங்கள். வரி மறந்தால் நின்று, கிடைத்த இடத்திலிருந்து தொடருங்கள். மன்னிப்புக் கேட்டால்தான் எல்லோருக்கும் அது தெரியும். அவர்கள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் கலங்க வேண்டாம். உங்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நேரம் தாண்டி நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்தி நன்றி சொல்லுங்கள். முடிந்ததும் அவர்கள் ஏதாவது கேட்டால், எங்கே வேலை, எந்த ஊர், சமீபத்தில் என்ன நாடகம் பார்த்தீர்கள் என்பது போன்ற கேள்விகளாகத்தான் இருக்கும். இயல்பாகப் பேசுங்கள். வாரக்கணக்கில் ஒரே ஒத்திகை அறையில் இவரோடு இருக்க முடியுமா என்பதை அந்த அரை நிமிடப் பேச்சில் அவர்கள் அறிந்துகொள்கிறார்கள். ‘இந்த வேடம் எனக்கு வேண்டும்’ என்று கேட்டு நிற்காதீர்கள்.

புகைப்படம் எட்டுக்குப் பத்து அங்குலம், வண்ணத்தில், தோள்வரை. இன்று காலை கண்ணாடியில் தெரியும் முகம் அதில் இருக்க வேண்டும். கல்யாண ஆல்பம் எடுத்தவரிடம் போகாமல் நடிகர்களுக்குப் படம் எடுப்பவரிடம் போங்கள். ரெஸ்யூமே ஒரே பக்கம், அதே அளவில் வெட்டி படத்தின் பின்னால் இணைத்தது. நாடகம், பாத்திரம், குழுவும் இயக்குநரும் என்று மூன்று நெடுவரிசையாக எழுதுங்கள். வயதையும் அலுவலக அனுபவத்தையும் போடக்கூடாது. தமிழ்ச் சங்க நாடகங்களையும் சென்னை நாடகங்களையும் தாராளமாகப் போடுங்கள். தமிழில் நடித்தது என்று குறிப்பிடுங்கள். அவற்றை மறைத்துவிட்டு வெறுமையான தாளைக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். முழு நாடகத்தை மனப்பாடம் செய்து, கூட்டத்துக்கு முன்னால் நின்று நடித்து முடித்தவர் நீங்கள், அது அனுபவம்தான். சிறப்புத் திறன்கள் பகுதியில் சரளமாகப் பேசும் மொழிகள், பரதநாட்டியம், கர்நாடக இசை, சிலம்பம் எதுவானாலும் எழுதுங்கள். கேட்டால் அங்கேயே செய்துகாட்ட முடிவதை மட்டும் எழுதுங்கள்.

அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டால் அது கால்பேக். இப்போது அந்த நாடகத்தின் இயக்குநர் இருப்பார். ‘சைட்ஸ்’ எனப்படும் சில பக்க வசனத்தை முன்கூட்டியே அனுப்புவார்கள். தலைநிமிர்ந்து எதிராளியைப் பார்க்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். தாளைக் கையிலேயே வைத்திருங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஒருமுறை செய்ததும் இயக்குநர் ‘இப்போது கோபம் இல்லாமல் சொல்லிப் பாருங்கள்’ என்பது போல ஏதாவது மாற்றச் சொல்வார். புதியவர்கள் அதைக் கண்டனமாக எடுத்துக்கொண்டு வாடிவிடுகிறார்கள். உங்களோடு வேலை செய்ய முடியுமா என்று பார்க்கவே அவர் அதைக் கேட்கிறார். எதிர்வசனம் வாசித்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் திரும்பத் திரும்பக் கண்டது இது: முதல் தடவை பிரமாதமாகச் செய்து, இரண்டாம் தடவையும் அச்சாக அதையே செய்தவரைவிட, முதல் தடவை சுமாராகச் செய்து, சொன்னதைக் கேட்டு உண்மையிலேயே வேறொன்றைச் செய்தவர்தான் பட்டியலில் மேலே போவார். மாற்றம் தெரிய வேண்டும். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டாலும் பரவாயில்லை. சொன்னது புரியவில்லை என்றால் கேளுங்கள்; புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுத் தொடங்காதீர்கள்.

2020க்குப் பிறகு முதல் சுற்றை வீடியோவாக அனுப்பச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கைபேசியைப் படுக்கைவாட்டில் நிலையாக வைத்து, வெற்றுச் சுவருக்கு முன், வெளிச்சம் முகத்தில் விழும்படி, மார்புக்கு மேலே தெரியும்படி எடுத்தால் போதும். எதிர்வசனம் வாசிப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் வாசிக்கட்டும். கோப்புக்கு அவர்கள் சொன்ன முறையில் பெயர் வையுங்கள். இருபது தடவை எடுத்து முகம் களைத்துப்போன பிறகு அனுப்புவதைவிட மூன்றாவது நான்காவது பதிவே பெரும்பாலும் உயிரோடு இருக்கும்.

ஆடிஷன் முடிந்த பிறகு பதில் வராமலே போகலாம். இங்கே அது சாதாரணம். கேட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். தேதி, அறையில் இருந்தவர்கள், நீங்கள் செய்த இரண்டு பகுதிகள், அவர்கள் கேட்ட கேள்வி ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே குழுவுக்கு வேறு மோனோலாக்குகளோடு போங்கள். நடுவில் சிறிய அரங்கில் ஏதாவது நாடகம் கிடைத்தால் அந்தக் காஸ்டிங் அலுவலகத்துக்கு இரண்டு வரியில் அழைப்பு அனுப்புங்கள்; வருவார்கள், அல்லது யாரையாவது அனுப்புவார்கள். முதல் ஆடிஷனில் குறித்துவைத்த பெயரை ஒன்றிரண்டு சீசன் கழித்துக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மாற்று நடிகராக வாருங்கள் என்று அழைப்பு வந்தால் எத்தனை வேடங்களுக்கு, ஒத்திகை எந்த நேரம், எந்தத் தேதிவரை, ஊதியம் எவ்வளவு, மேடையேறும் நாளுக்குத் தனித் தொகை உண்டா என்று கேளுங்கள். இவற்றைக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அலுவலகத்தில் விடுப்புப் பற்றிப் பேச ஒரு நாள் அவகாசம் கேட்டால் தருவார்கள். முடியாது என்றால் அப்போதே நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அதனால் உங்கள் பெயருக்கு எந்தக் கெடுதலும் வராது. ஏற்றுக்கொண்டு பாதியில் விலகுவதுதான் கெடுதல். சிகாகோவின் காஸ்டிங் ஆள்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள்.